சாராயக்கடை வழியில் ஒரு பெருக்கல் குறி

முழுப் பொய் சொல்கிறவர்களைச் சமாளித்துவிடலாம். கால் பங்கு உண்மையைக் கலந்து சொல்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் நான் அந்த இரண்டாவது ரகம். “எங்க அப்பா எக்ஸைஸ்ல இருக்காரு” என்று வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன். எக்ஸைஸ் என்றால் கலால் துறை. எங்கள் புதுச்சேரியில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மரியாதை கலெக்டருக்குக்கூடக் கிடையாது. அப்பா இருந்தது கலால் துறை ஏலம் விட்ட ஒரு சாராயக்கடையில். ஏலம் எடுத்தவர் வேறு யாரோ. அப்பா அங்கே கிளாஸில் ஊற்றிக் கொடுப்பவர். அந்தக் கிளாஸைக் கழுவி வைப்பவரும் அவரே. அதற்காகத் துறைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? (இப்படித்தான் எனக்கு நானே வாதாடிக்கொள்வேன். வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.)

உண்மை வெளியே வர வழியும் இல்லை. பள்ளி வில்லியனூர் பக்கம். எங்கள் ஊர் பாகூரைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லை ஓரத்தில். எங்கள் ஊரிலிருந்து அந்த ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போன ஒரே பிள்ளை நான்தான். என் வகுப்பில் மற்றவர்களுடைய அப்பாக்கள் பேங்க், மின்துறை, பத்துக் காணி கரும்பு என்று சபையில் சொல்லக்கூடிய எதிலாவது இருந்தார்கள். என் அப்பா வேலைச் சட்டையை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார். மோட்டார் கொட்டகையில் சோப்புப் போட்டுக் குளித்து, அங்கேயே மாட்டியிருக்கும் வேறு சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வாசற்படி ஏறுவார். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. இதையும் வகுப்பில் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பி.டி. சார் தனசேகர்தான் சாரணர் அணிக்கும் பொறுப்பு. அந்த வருஷம் தை மாதத்தில் அவருக்கு ஒரு ஆசை வந்தது. பிள்ளைகளை இரண்டு நாள் முகாமுக்கு அழைத்துப்போய், கூடாரத்தில் தங்கவைத்து, மலையேற்றமும் நடத்திவிட வேண்டும். புதுச்சேரியில் மலை கிடையாது. உயரமான இடம் என்று பார்த்தால் ஏரிக்கரைதான். அதனால் பாகூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் முகாம், மறுநாள் காலையில் அங்கிருந்து வாய்க்கால் ஓரமாக ஆறு கிலோமீட்டர் சுற்றி நடந்து ஏரிக்கரையில் ஏறினால் அதுவே மலையேற்றம் என்று முடிவு செய்தார். உலகத்தில் இத்தனை இடம் இருக்க, இவருக்கு எங்கள் பக்கம்தானா கிடைத்தது?

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது அப்பா முகம் மலர்ந்துவிட்டது. “நம்ம ஏரியாண்டதானா? நான் வேணா ஒரு எட்டு வந்து பாத்துட்டு வரட்டுமா?”

“பேரன்ட்ஸ் யாரும் வரக்கூடாதாம்” என்றேன்.

அப்படி ஒரு விதியும் இல்லை. “ஸ்கூல்னா அப்பிடித்தான் இருக்கணும்” என்று அப்பா அதற்கும் பெருமைப்பட்டார்.

முகாமின் முதல் நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கூடாரம் என்று வந்து இறங்கியது கல்யாணப் பந்தல்காரரின் பழைய சாமியானா. அதன் நெற்றியில் ‘நல்வரவு’ என்று சரிகை எழுத்து. அதற்கடியில் முப்பத்திரண்டு பேர் உட்கார்ந்து கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டோம். நான் போட்ட முடிச்சை அவிழ்க்கக் கத்தி தேவைப்பட்டது. மதியம் உப்பில்லாத உப்புமாவை நாங்களே கிண்டி நாங்களே சாப்பிட்டோம். “காட்டுல இதுகூடக் கிடைக்காது” என்றார் சார். தோப்புக்கு எதிரிலேயே பரோட்டாக் கடை இருந்தது.

மறுநாள் காலையில் சார் ஒரு சார்ட்டில் வரைந்த பாதையை விரித்தார். தோப்பு, வாய்க்கால், முச்சந்தி. முச்சந்தியில் இடப்பக்கம் திரும்பி அரைக் கிலோமீட்டர் போனால் ஒரு வேப்பமரம். அதன் பக்கத்தில் ‘ஓய்வு’ என்று எழுதி, ஒரு சிரிக்கும் முகமும் போட்டிருந்தார். எனக்கு அந்த வேப்பமரத்தைத் தெரியும். அதன் பின்னால் இருக்கும் தகரக் கூரையைத் தெரியும். அந்தக் கூரையின் கீழ் யார் நிற்பார் என்பதும் தெரியும்.

ஒரு மனிதர் எப்படிச் சாராயக்கடையைப் பிள்ளைகளுக்கு ஓய்விடமாகத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்பீர்கள். சார் வழி பார்க்க வந்தது குடியரசு தின அணிவகுப்பு முடிந்த கையோடு. அன்று கடைக்கு விடுமுறை. பலகை போட்டு மூடியிருந்த தகரக் கொட்டகை, நிழல், உட்காரப் பெஞ்சுகள், ஈ காக்கை இல்லாத அமைதி. ஏதோ தருமவான் வழிப்போக்கர்களுக்காகக் கட்டிவைத்தது என்று நினைத்துவிட்டார். குடிக்காத மனிதர். அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அடுத்துச் சார், “ட்ரெயில் சைன் போட முன்னாடி போறது யாரு?” என்று கேட்டார். சாரணர்களுக்கு இது ஒரு பாடம். இரண்டு பேர் கால் மணி நேரம் முன்னால் போய் வழியில் குறி போட்டு வைப்பார்கள். அம்புக்குறி என்றால் இப்படி வா. பெருக்கல் குறி என்றால் இப்படி வராதே. பின்னால் வருகிறவர்கள் குறியைப் பார்த்தே வர வேண்டும். என் கை தானாக உயர்ந்தது. “எங்க ஊர்ப் பக்கம் சார். எனக்கு வழி தெரியும்.”

சாருக்குச் சந்தோஷம். மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்புத்தூளில் ஒரு பை நிறையக் கொடுத்தார். துணைக்கு என் சிநேகிதி ஜெனிஃபரை அனுப்பினார். அவளுக்கு என் விஷயம் எதுவும் தெரியாது. நான் எங்கே போனாலும் வருவாள், அவ்வளவுதான்.

முச்சந்தியில் நான் இடப்பக்கச் சாலையின் குறுக்கே ஒரு பெருக்கல் குறி போட்டேன். சாதாரணக் குறி அல்ல. ஒவ்வொரு கோடும் என் உயரம் இருக்கும். போதாது என்று பட்டது. அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன். காற்றில் தூள் பறந்தது. நான்கு முனையிலும் கல் வைக்கலாம் என்றாள் ஜெனிஃபர். தேடியதில் மூன்று கல்தான் கிடைத்தது. நான்காவது முனைக்கு, வெயிலில் மயக்கம் வந்தால் முகர்வதற்கு என்று அவள் அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழத்தை வைத்தாள்.

இப்போது நினைத்தால் நெற்றியில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. முச்சந்தி, வெள்ளைப்பொடி, வட்டம், எலுமிச்சம்பழம். எங்கள் பக்கத்தில் இரண்டு வயதுக் குழந்தைகூட அதைத் தாண்டாமல் ஒதுங்கிப் போகும். நானும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். ஆனால் அன்று என் கண்ணுக்கு அந்தத் தகரக் கூரையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. வலப்பக்கம் கரும்புக் கொல்லைக்குள் போகும் வண்டித்தடத்தில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு, ஜெனிஃபரை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

“சார் இந்தப் பக்கமா காட்டுனாரு?” என்றாள் அவள்.

“ஷார்ட் கட்டு” என்றேன்.

அந்தப் பக்கம் ஏரிக்கரைக்குப் போக இரண்டு மடங்கு தூரம்.

இனி முச்சந்தியில் நடந்தது. இதை நான் பார்க்கவில்லை. வகுப்பில் முப்பது பேரும் தனித்தனியாகச் சொல்லிக் கேட்டது. நாங்கள் போன சிறிது நேரத்தில் அந்த மூலை வீட்டு அம்மாள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். குறியைப் பார்த்ததும் மாட்டை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு வாளி சாணித் தண்ணீரும் துடைப்பமும் கொண்டு வந்து, செய்தவன் குடும்பத்தில் ஏழு தலைமுறையை விசாரித்தபடியே கழுவித் தள்ளியிருக்கிறார். வண்டித்தடத்தில் இருந்த அம்பையும் விடவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சார் காக்கிச் சட்டையும், கழுத்தில் விசிலும், இடுப்பில் சாரணர் கத்தியுமாக முப்பது பிள்ளைகளோடு வந்து நின்றிருக்கிறார்.

“ஏம்மா, இங்க ஒரு குறி போட்டிருந்துதா?”

“ஓகோ, நீதான் வச்சியா?” என்று அந்த அம்மாள் துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்தார். “புள்ளைங்கள இட்டுக்கினு வந்து வைக்கிறியா? நீ இன்னா மனுசன்?”

சார் விளக்க ஆரம்பித்தார். துடைப்பம் விளக்கத்தைவிட வேகமாக வந்தது. பாடம், குறி, அணிவகுப்பு எல்லாவற்றையும் மறந்து, சார் பிள்ளைகளோடு கண்ணுக்குத் தெரிந்த தார்ச்சாலையில் ஓட்டமும் நடையுமாகப் போனார். அது இடப்பக்கச் சாலை. நான் போட்ட குறி அங்கேயே இருந்திருந்தால்கூட, இவ்வளவு வேகமாக யாரும் அதை மீறியிருக்க மாட்டார்கள்.

வேப்பமரத்தடியில் இன்னொரு கூத்து. காலை பத்து மணிக்கே எல்லை தாண்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், காக்கிச் சட்டை விசிலை ஊதிக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்ததும் கிளாஸோடு எழுந்து வயலில் குதித்துவிட்டார்கள். அப்பாதான் வெளியே வந்து குரல் கொடுத்தாராம். “ஏம்பா ஓடறீங்க? அது வாத்தியாருபா. பின்னால பாரு, புள்ளைங்க.” ஓடியவர்கள் முழங்கால் சேற்றோடு திரும்பி வந்து, எங்கள் பிள்ளைகளுக்குப் பெஞ்சை விட்டுக்கொடுத்துவிட்டு எழுந்து நின்றார்களாம். இரண்டு பெண்கள் வெயிலில் மயங்கும் நிலையில் இருந்தார்கள். ஒருவர் தோள்துண்டால் விசிறினார். வாசலில் சுண்டலும் அவித்த முட்டையும் விற்கிற அக்கா, கூடையோடு கொண்டுவந்து வைத்துவிட்டார். இன்னொருவர், கண் முழுதும் திறக்காமல், ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்து, நடுவில் அழுதுவிட்டார்.

இது எதுவும் தெரியாமல் நானும் ஜெனிஃபரும் கரும்புக்குள் அலைந்துகொண்டிருந்தோம். வெட்டிய கொல்லையில் வண்டித்தடம் நான்காகப் பிரிந்தது. வெட்டாத கொல்லையில் தடமே இல்லை. கரும்புத் தோகை முகத்திலும் கையிலும் கோடு போட்டது. ஜெனிஃபர் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். “உங்க ஊருன்னு சொன்னியேடி” என்று இடையிடையே என்னையும் கேட்டாள். ஒரு மணி நேரம் போயிருக்கும். முதலில் எனக்கு வந்தது ஒரு வாடை. மோட்டார் கொட்டகையில் மாட்டியிருக்கும் சட்டையிலிருந்து தினமும் வரும் வாடை. கால் நின்றுவிட்டது. அடுத்த நிமிஷம் சாருடைய விசில் சத்தம் கேட்டது. ஜெனிஃபர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

கரும்பிலிருந்து நாங்கள் வெளியே விழுந்த இடம் கடையின் பின்பக்கம். அப்பா அங்கே ஒரு அன்னக்கூடையில் கிளாஸ்களைப் போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி அலசிக்கொண்டிருந்தார். எங்கள் பிள்ளைகள் குடிப்பதற்காக. தலை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் முதலில் வந்தது சந்தோஷம். அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், பார்த்தேன். அடுத்து என் முகத்தில் இருந்த கீறல்களைப் பார்த்து, கையைத் துடைத்தபடி எழுந்தார். “பாப்...” என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் சார் வந்துவிட்டார். “நித்யா, எங்கம்மா போனீங்க? உயிரே போச்சு.” அப்புறம், நான் சமூகத்தில் எவ்வளவு பெரிய இடம் என்பது கடைக்காரருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அப்பாவின் பக்கம் திரும்பினார். “பாத்து நடந்துக்கங்க. இந்தப் பொண்ணோட அப்பா எக்ஸைஸ்ல பெரிய ஆபீசரு. உங்க கடையெல்லாம் அவரு கையிலதான் இருக்கு.”

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘அப்பா’ என்ற ஒரு வார்த்தை. ஜெனிஃபர் பக்கத்தில் நின்றாள். பின்னால் இரண்டு மூன்று பேர் எட்டிப்பார்த்தார்கள். நான் என் ஷூவைப் பார்த்தேன்.

“அப்பிடியா சார்” என்றார் அப்பா. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெரிய மனிதர்களின் முன்னால் செய்வது மாதிரி. என்னைப் பார்த்துக் கேட்டார். “உங்க பேரு இன்னாம்மா?”

“நித்யா.”

“நல்ல பேரு. அப்பா நல்லா இருக்காரா?”

“நல்லா இருக்காரு.”

“நான் கேட்டதா சொல்லும்மா” என்றார். அலசிய கிளாஸில் தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன். அப்பா எனக்கு முதல்முதலாக ‘ங்க’ போட்டுப் பேசியது அன்றுதான். ஒரு முட்டையை உரித்து, மஞ்சள் கருவை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் கொடுத்தார். எனக்கு மஞ்சள் கரு பிடிக்காது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

ஜெனிஃபர் கவனித்திருக்கிறாள். திரும்பிப் போகும் பஸ்ஸில், இறங்குவதற்கு முன் மெதுவாகச் சொன்னாள். “அவரு மூக்கும் உன் மூக்கும் ஒண்ணா இருக்குதுடி.” நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னோடும் அதற்குப் பிறகு அவ்வளவாகப் பேசவில்லை.

பிள்ளைகளைச் சாராயக்கடைக்குக் கூட்டிப்போன செய்தி திங்கட்கிழமை பிரார்த்தனைக்கு முன்பே பள்ளிக்கு வந்துவிட்டது. பெற்றோர் கூட்டமாக வந்தார்கள். தனசேகர் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். “குறி சரியாதான் போட்டோம். யாரோ அழிச்சிட்டாங்க” என்றேன். மறுபடியும் கால் பங்கு உண்மை. சாரிடமிருந்து சாரணர் அணியைப் பறித்துவிட்டார்கள். வருஷக் கடைசியில் அவரே வேறு பள்ளிக்குப் போய்விட்டார். போவதற்கு முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க அப்பாகிட்ட சொல்லி அந்தக் கடைக்காரருக்கு எதுவும் தொந்தரவு வராம பாத்துக்கம்மா. நல்ல மனுசன்” என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அந்தத் தலையை இன்னும் கழுத்தில்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

முகாம் முடிந்து நான் வீடு வந்த அன்று அப்பா வழக்கம்போலக் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தார். திட்டுவார் என்று மூலையில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் அம்மாவிடம், “இன்னிக்கு நம்ம கடைக்கு எக்ஸைஸ் ஆபீசர் பொண்ணு வந்துச்சி” என்றார். “நம்ம பாப்பா மாரியே இருக்குது. பாவம், மூஞ்சியெல்லாம் கரும்பு கிழிச்சிருக்குது. கொஞ்சம் தேங்காண்ணெ தடவு.” அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் என்னைப் பார்த்தார். நான் அழத் தயாரானேன். அதற்குள் அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரித்தார். தம்பிக்கு ஒன்றும் புரியாமலே சிரிப்பு வந்தது. அந்தக் கேலி அன்றைக்குத் தொடங்கியது.

அதற்குப் பிறகு கல்லூரி விடுதியிலிருந்து எப்போது போன் செய்தாலும், வைக்கும்போது அப்பா சொல்வது ஒன்றே ஒன்று: “உங்க அப்பாவ நான் கேட்டதா சொல்லும்மா.” கல்யாண மேடையில் போட்டோகிராபர், “பொண்ணோட அப்பா வாங்க” என்று கூப்பிட்டபோது, “ஆபீசர் இன்னும் வரலபா. நான் தண்ணி குடுக்க வந்தவன்” என்று நின்ற இடத்திலேயே நின்றார். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கதை தெரியும். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் திருதிருவென்று விழித்தார். அவருக்கு நான்தான் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. அவரும் சிரித்தார், பிறகு கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். இப்போது என் மகள்கூட, தாத்தா போன் செய்தால் என்னிடம் கொடுக்கும் முன், “ஆபீசர் வீடுதான், சொல்லுங்க” என்கிறாள்.

நான் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். ஊரில் யார் கேட்டாலும், எங்கள் அப்பா சாராயக்கடையில் வேலை செய்து என்னைப் படிக்கவைத்தார் என்று இப்போது நானே வலியப்போய்ச் சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. அப்பா ஒருமுறையாவது கோபமாக அதைச் சொல்லிக்காட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். சிரிக்கிற மனிதரிடம் எங்கிருந்து தொடங்கி மன்னிப்புக் கேட்பது?

போன பொங்கலுக்குக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கடை வேலையை விட்டு அவருக்கு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. நடையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நானும் ஒரு கை அள்ளிக்கொண்டேன். நான்கு காய் உரித்தேன்.

“அப்பா, அன்னிக்கு கடையாண்ட... நான் அப்பிடி நின்னிருக்கக் கூடாது. தப்பு என்னுதுதான்” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அப்பா கையிலிருந்த மொச்சையை உரித்து முடித்தார். பருப்பைத் தட்டில் போட்டார். தோலைத் தனியாகப் போட்டார்.

“இத ஏம்மா எங்கிட்ட சொல்றீங்க?” என்றார். “உங்க அப்பாகிட்ட சொல்லுங்க.”

அடுக்களையிலிருந்து அம்மா சிரித்தார். கூடத்தில் தம்பி சிரித்தான். அப்பாவும் சிரித்துக்கொண்டே அடுத்த காயை எடுத்தார். நானும் சிரித்து வைத்தேன்.